மஞ்சள் வரிகள்

கோகிலவாணியின் கட்டுரையில் மொத்தம் நூற்றெழுபத்தெட்டு வாக்கியங்கள். அவற்றில் நூற்றைந்து மஞ்சளாகத் திரும்பி வந்திருந்தன.

பரமத்தி சாலையில் மாட்டுத்தீவனக் கடைக்கு மேல்மாடியில் ஞாயிறு தோறும் காலையில் ஆங்கிலக் கட்டுரை வகுப்பு நடக்கும். அங்கேதான் அவள், ஆய்விதழ் வரிவரியாக நிறம் போட்டு அனுப்பிய தடத்தாளை மேசைமேல் விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயது நாற்பத்துமூன்று. நாமக்கல்லில் ஒரு தனியார் கோழிநோய் ஆய்வுக்கூடத்தில் கால்நடை மருத்துவர். அதோடு எட்டு வருடமாகப் பகுதிநேர ஆராய்ச்சி மாணவி. எட்டு வருடத்துக்கு மேல் பல்கலைக்கழகம் பொறுக்காது. இன்னும் இரண்டு மாதத்தில் பதிவு காலாவதியாகிவிடும். அதற்குள் ஒரு கட்டுரையாவது ஆய்விதழ் ஒன்றில் ஏறினால்தான் பட்டம்.

அவள் ஏற்கெனவே ஒரு கட்டுரை வெளியிட்டவள்தான். ஆராய்ச்சிக்குப் பதிவு செய்யும் முன்பே, பதினோரு வருடத்துக்கு முன்னால், எந்திரம் எழுதிக்கொடுத்த அழகான ஆங்கிலத்தில். அதை இந்த உலகத்தில் ஒருவர்கூட எடுத்தாளவில்லை. ஆய்வாளர் ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில், மற்றவர்கள் எத்தனை முறை அவரிடமிருந்து எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஓர் எண் இருக்கும். புத்தாண்டு பிறந்தால் ஊரே கோயிலுக்குப் போகும். கோகிலவாணி அந்த எண்ணைப் போய்ப் பார்ப்பாள். பதினோரு வருடமாக அது பூஜ்யம்.

எந்திரங்கள் எழுதத் தொடங்கிய புதிதில் எல்லோருக்கும் கொண்டாட்டமாக இருந்தது. கால் பக்கக் குறிப்பைக் கொடுத்தால் இருபது பக்கக் கட்டுரை வந்து விழும். கடைசியில் எந்தக் கட்டுரையை யார் யோசித்தார், யாராவது யோசித்தார்களா என்பதே தெரியாமல் போயிற்று. பொறுத்துப் பார்த்த ஆய்விதழ்கள் ஒருநாள் கதவைச் சாத்தின. இனிமேல், எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று தடம் பிடிக்கும் தடப்பட்டையை நெற்றியில் கட்டிக்கொண்டு சொந்தமாக எழுதினால் மட்டுமே ஏற்போம், ஆங்கிலம் நொண்டினாலும் பரவாயில்லை என்று சொல்லிவிட்டன. அவ்வளவுதான், உலகம் முழுக்கப் பெரிய பெரிய படிப்பாளிகளெல்லாம் நோட்டும் பேனாவுமாகக் கட்டுரை எழுதப் பழக வகுப்புக்கு ஓடினார்கள். நாமக்கல்லில் அந்த வகுப்பை நடத்தியவள் நஸ்ரின்.

நஸ்ரினுக்கு முப்பது வயதுதான். அவளிடம் படித்தவர்கள் ஒரு பல் டாக்டர், இரண்டு பொறியாளர்கள், ஒரு வங்கி மேலாளர், பிறகு கோகிலவாணி. எல்லோரும் அவளை மிஸ் என்பார்கள். அவள் எல்லோரையும் சார், மேடம் என்பாள். யார் யாருக்கு மரியாதை கொடுப்பது என்ற குழப்பம் அந்த மாடியில் கடைசிவரை தீரவில்லை.

"நான் ஒரு வரி காப்பி அடிக்கலைங்க மிஸ்," என்றாள் கோகிலவாணி. "ராப்பகலா உக்காந்து நானே எழுதினது. நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி ஒரு வாக்கியத்தைக்கூட ஆதாரம் இல்லாம விடலை. அறுபத்துநாலு கட்டுரையை எடுத்துக் காட்டியிருக்கறனுங்க."

"அதுதான் மேடம் பிரச்சினையே."

நஸ்ரின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பட்டைக்கு நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு தெரியாது. எங்கிருந்து நினைக்கிறீங்கன்னு மட்டும்தான் தெரியும். படிச்சதை நினைச்சு எழுதினா நீலம். நீங்களே பார்த்தது, நீங்களே யோசிச்சது பச்சை. இன்னொருத்தர் சொல்லிக் கேட்டது மஞ்சள். மஞ்சள்ல தப்பில்லை. யார் சொன்னாங்கன்னு பேர் போட்டிருந்தா அது பாட்டுக்குப் போயிருக்கும். ஆனா நீங்க மஞ்சள் வரிக்கெல்லாம் நீல ஆதாரம் போட்டிருக்கீங்க. இது ஒரு நெதர்லாந்துக்காரர் எழுதினதுன்னு உங்க கட்டுரை சொல்லுது. எழுதும்போது உங்க மனசு நெதர்லாந்து பக்கமே போகலை."

தான் எழுதிய விதம் கோகிலவாணிக்குத் தெரியாதா? முதலில் வாக்கியத்தை எழுதுவாள். பிறகு அதற்குத் தோதாக யாராவது எங்காவது அச்சில் சொல்லியிருக்கிறார்களா என்று தேடிப்பிடித்துப் பக்கத்தில் ஒட்டுவாள். அவள் மட்டுமா, ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். அச்சில் வந்தது ஆதாரம், அல்லாதது பேச்சு என்று அவளுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. இருந்தாலும் அது அவள் எலும்புவரை ஊறியிருந்தது.

"ஒண்ணு பண்ணுங்க," என்றாள் நஸ்ரின். "இந்த நாற்பத்திரண்டாவது வாக்கியம். கண்ணை மூடிக்கிட்டு மெதுவா தமிழ்ல சொல்லுங்க."

கோகிலவாணி கண்ணை மூடினாள். "தோல்முட்டை விழறதுக்கு முன்னால, கோழிங்க தீவனத்தைக் கொத்தி முடிக்கறதுக்குள்ளயே தண்ணி நிப்பிளைக் கொத்த ஆரம்பிச்சிருது..."

"யார் குரல் கேக்குது?"

கோகிலவாணி கண்ணைத் திறந்தாள்.

"நாகவேணி," என்றாள்.

நாகவேணி, மோகனூர் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் மூன்றாம் ஷெட்டைப் பார்த்துக்கொள்பவள். ஓடே இல்லாமல் வெறும் தோலோடு விழும் முட்டையைத்தான் தோல்முட்டை என்பார்கள். பண்ணைக்காரர்களின் வயிற்றெரிச்சல் அது. அதைப் பற்றி ஆராயத்தான் கோகிலவாணி அந்தப் பண்ணையைத் தேர்ந்தெடுத்திருந்தாள். முதல் ஒரு மாதம் நேரில் போனாள். பிறகு ஆய்வுக்கூட வேலை விடவில்லை. அதனால் காலை ஆறரை மணிக்குத் தீவனம் போட்டதும் நாகவேணி போன் செய்வாள், கோகிலவாணி நோட்டில் எழுதிக்கொள்வாள். இப்படி இரண்டு வருடம். ஷெட்டில் கூண்டுக்கு ஒரு கேமரா இருந்தது. அது முட்டையை எண்ணும், செத்த கோழியைக் காட்டும். சத்தத்தைக் கேட்கச் சொல்லி அதற்கு யாரும் கற்றுத்தரவில்லை.

கட்டுரையின் கடைசியில் நன்றி என்றொரு பகுதி உண்டு. அதில் வழிகாட்டிப் பேராசிரியர், துறைத்தலைவர், ஆய்வுக்கூட முதலாளி, கணவர் என்று எல்லோரையும் பட்டத்தோடு குறிப்பிட்டுவிட்டு, முடிவில் "பண்ணைப் பணியாளர்களுக்கும்" என்று ஒரு சொல் போட்டிருந்தாள். அதுதான் வழக்கம். அவளுடைய பேராசிரியரின் கட்டுரையிலும் அப்படித்தான் இருந்தது, அவருடைய பேராசிரியரின் கட்டுரையிலும் அப்படித்தான் இருந்தது.

ஆய்விதழ் இருபத்தொரு நாள் தவணை கொடுத்திருந்தது. அதற்குள் மஞ்சளுக்கு விளக்கம் சொல்லாவிட்டால் பிறர் சரக்கு என்று முத்திரை விழும். விழுந்தால் மூன்று வருடத்துக்கு எந்த இதழும் அவளைச் சேர்க்காது.

அன்று மத்தியானமே வழிகாட்டி ஈஸ்வரமூர்த்தி சாருக்குப் போன் போட்டாள். மனிதர் கொஞ்சமும் பதறவில்லை.

"இதுக்குப் போயி ஏம்மா கலங்கற? ஒரு வாரம் அந்த ஷெட்டுல போயி நில்லு. அந்தச் சத்தத்தை நீயே காதால கேட்டுரு. அப்புறம் பட்டையைக் கட்டிக்கிட்டு மறுபடி எழுது. அத்தனையும் பச்சையாயிரும். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

கோகிலவாணிக்கு உயிர் வந்தது. அதை மறைப்பானேன், அந்த நிமிடம் அவளுக்கு நாகவேணியின் நினைப்பே வரவில்லை. பச்சை நிறம் ஒன்றுதான் நினைவில் இருந்தது. மறுநாளே விடுப்புப் போட்டுவிட்டு மோகனூர் பஸ் ஏறினாள்.

ஷெட் வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு உள்ளே போனதும் அவளுக்கு முதலில் கேட்டது வெறும் இரைச்சல். பத்தாயிரம் கோழி ஒரே நேரத்தில் பேசினால் எப்படி இருக்கும்? நாகவேணி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நடுச்சந்தில் நின்றிருந்தாள். முப்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, யாரைப் பார்த்தாலும் பாதிச் சிரிப்பு.

"ஏனுங்க டாக்டரக்கா, சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க? கோழிக்கு ஏதாச்சும் சீக்காங்க?"

"இல்ல நாகவேணி. அந்தச் சத்தத்தைக் கேக்கலாம்னு வந்தேன்."

"அட, அதுக்கா? வாசல்ல நின்னாக் கேக்காதுங்க, ஃபேன் சத்தம் அமுக்கிரும். இங்க வாங்க. இந்த மூணாவது தூண்கிட்ட நில்லுங்க. இப்பத் தீவனம் வருது பாருங்க, தகரத்துல மழை பேஞ்சாப்ல இருக்குதா? அதை விட்ருங்க. அதுக்குக் கீழ டிக்கு டிக்குனு ஒண்ணு வரும். அது தண்ணிக் குழாய் நிப்பிளைக் கொத்தற சத்தம். இன்னிக்கு நல்ல நாளு, மழை நின்னதுக்கு அப்புறந்தான் டிக்கு வரும்."

கோகிலவாணி நின்றாள். நாகவேணி அவள் தோளைப் பிடித்து அரை அடி இடப்பக்கம் நகர்த்தினாள். தீவனம் கொத்தும் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. அடங்கியபின், அடியிலிருந்து அந்த டிக்கு டிக்கு எழுந்து வந்தது. இரண்டு வருடமாக நோட்டில் எழுதியதை அவள் அன்றுதான் காதால் கேட்டாள்.

"கேட்டுச்சுங்களா?" நாகவேணிக்கு அவளைவிடச் சந்தோஷம். "எதுக்குங்க்கா இவ்ளோ சிரமம்? நாந்தேன் தெனமும் போன்ல சொல்றனே. உங்களுக்கு எம்மேல சந்தேகம் கிந்தேகம் வந்துருச்சுங்களா?"

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் கோகிலவாணியால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல முடியவில்லை. அங்கேயே, அந்த மூன்றாவது தூணடியில், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மஞ்சள், பச்சை, நெதர்லாந்துக்காரர், பண்ணைப் பணியாளர்களுக்கும் என்ற சொல், ஈஸ்வரமூர்த்தி சார் சொன்ன வழி, தான் வந்த காரணம் எல்லாவற்றையும்.

நாகவேணி கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். அவளோ துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கட்டுரை கையில இருக்குதுங்களா?" என்றாள்.

"இருக்குது."

"நாஞ் சொன்னதைச் சரியா எழுதியிருக்கீங்களான்னு படிங்க பார்க்கலாம்."

தீவன மூட்டை மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். கோகிலவாணி ஒவ்வொரு வரியாக ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னாள். நாகவேணி பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவள்போல உம், உம் என்று கேட்டுவந்தாள். முப்பதாவது வரியில் கையை நீட்டி நிறுத்தினாள்.

"என்னதுங்க, மூணு நாளா?"

"ஆமா. சத்தம் மாறி சராசரியா மூணு நாள்ல தோல்முட்டை விழுதுன்னு எழுதியிருக்கேன்."

"மூணு நாள்ல ஒருக்காக்கூட விழுந்ததில்லீங்களே! வெயில் காலத்துல ரெண்டு நாளு. மழைக் காலத்துல நாலு நாளு. நான் அப்படித்தானே சொன்னேன்?"

கோகிலவாணி பையிலிருந்து நோட்டை எடுத்துப் புரட்டினாள். ரெண்டு, ரெண்டு, ரெண்டு. நாலு, நாலு, ரெண்டு, நாலு. இரண்டு வருடத்தில் ஓரிடத்தில்கூட மூன்று இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுச் சராசரி எடுத்ததில், நடக்கவே நடக்காத ஒன்று கட்டுரையின் முக்கியமான முடிவாக உட்கார்ந்திருந்தது. ஈஸ்வரமூர்த்தி சார் இரண்டு முறை படித்து ஒப்புதல் கொடுத்த கட்டுரை அது. எடுத்துக்காட்டிய அறுபத்துநாலு பேரில் ஒருவராலும் இதைப் பிடித்திருக்க முடியாது.

"நாகவேணி, நீயும் இதை எங்கூட எழுதோணும்," என்றாள் கோகிலவாணி. "நன்றியில இல்ல. மேல, என் பேருக்குப் பக்கத்துல."

"நானா? பிளஸ் டூல இங்கிலீஷ்ல முப்பத்தஞ்சுங்க. அதுகூட அந்த வாத்தியார் போட்ட பிச்சை."

"இப்ப அதுதான் நல்லது. ரொம்ப அழகா எழுதினாத்தான் இப்பச் சந்தேகப்படறாங்க."

பெயர் மேலே வர வேண்டுமென்றால் அந்த ஆளும் பட்டை கட்டித் தன் பங்கைத் தானே எழுத வேண்டும் என்பது சட்டம். அடுத்த ஞாயிறு நாகவேணி பண்ணையில் மாற்றாளை விட்டுவிட்டு மாடியேறி வந்தாள். பல் டாக்டர் எழுந்து நாற்காலி கொடுத்தார். நஸ்ரின் அவள் நெற்றியில் பட்டையைக் கட்டிவிட்டு, நோட்டைக் கையில் கொடுத்தாள். தடத்தாள் இதழிலிருந்து நேரடியாக வரும், பத்து நாளாகும் என்றாள்.

"என்ன எழுதறதுங்க?"

"என்ன பண்ணினீங்க, என்ன கேட்டீங்க, அடுத்து என்ன ஆச்சு. வேற ஒண்ணும் வேண்டாம்."

நாகவேணி நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு எழுதினாள். ஒரு வாக்கியத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் இல்லை. நிற்கிறேன் என்று ஒன்று. கேட்கிறேன் என்று ஒன்று. மழைச் சத்தம் முடியும் முன்பே டிக்கு வந்தால் நோட்டில் கோடு போடுகிறேன் என்பதை மூன்றாக உடைத்து எழுதியிருந்தாள். எழுத்துப்பிழைகள் ஏராளம். ஆனால் படித்தவருக்கு ஷெட்டுக்குள் எங்கே நிற்க வேண்டும், எப்போது காதைத் தீட்ட வேண்டும் என்பது தெளிவாகப் புரிந்தது. நஸ்ரின் அந்தப் பக்கத்தை உயர்த்திப் பிடித்து வகுப்புக்குக் காட்டினாள்.

"ரெண்டு வருஷமா உங்க எல்லாருக்கும் இதைத்தான் சொல்லிக்குடுக்கப் பார்க்கிறேன்," என்றாள். வங்கி மேலாளர் தன் நோட்டை மெதுவாக மூடிக்கொண்டார்.

கோகிலவாணியும் தன் பங்கைத் திருத்தி எழுதினாள். மூன்று நாள் போய், இரண்டும் நாலும் வந்தன. மஞ்சள் வரிகளிலிருந்து நெதர்லாந்துக்காரரையும் மற்றவர்களையும் கழற்றிவிட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் நாகவேணி, தொலைபேசியில், காலை ஆறரை என்று போட்டாள். கழற்றக் கழற்றக் கட்டுரை மெலிந்தது. அவளுக்குள்ளும் ஏதோ மெலிந்துகொண்டே வந்தது. நியாயமாகத்தான் நடந்துகொள்கிறோம் என்று தெரிந்திருந்தும், எட்டு வருடத்தில் தன்னுடையது என்று என்ன மிஞ்சியது என்று நினைத்தபோது துக்கமாக இருந்தது. நோட்டில் எழுதிக்கொண்டவள், அவ்வளவுதானே.

பதினெட்டாம் நாள் நாகவேணியின் தடத்தாள் வந்தது. பார்த்ததும் நஸ்ரின் நெற்றியைச் சுருக்கினாள்.

"என்னங்க மிஸ்?" என்றாள் கோகிலவாணி. "முழுக்கப் பச்சையாத்தானே இருக்கும்?"

"பாதிக்கு மேல பச்சைதான். ஆனா இங்க பாருங்க, பதினாலு வரி மஞ்சள்."

நாகவேணியின் முகம் வெளிறிப்போனது. "ஐயோ, நான் யாரையும் பார்த்து எழுதலீங்களே! நீங்க இங்கயேதானுங்களே இருந்தீங்க?"

"தெரியுங்க. பயப்படாதீங்க. இந்த முதல் மஞ்சள் வரியைக் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுங்க. யார் குரல் கேக்குதுன்னு பாருங்க."

நாகவேணி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். உதடு அசைந்தது. சற்று நேரத்தில் அந்தப் பாதிச் சிரிப்பு முழுச் சிரிப்பானது.

"டாக்டரக்கா குரலுங்க."

"என் குரலா?"

"ஆமாங்க்கா. நான் போன் போட்டதும் நீங்க தெனமும் கேப்பீங்கல்ல, நேத்தைக்கும் இன்னிக்கும் என்ன வித்தியாசம் நாகவேணின்னு? மொதல்ல எனக்குக் கடுப்பா இருக்கும். ஷெட்டுல என்னத்த வித்தியாசம், கோழி கத்துது, அவ்ளோதான். அதுக்கு முன்னால எட்டு வருஷமா எனக்கு அது வெறும் எரைச்சலுங்க. நீங்க விடாமக் கேக்கறீங்களேன்னு ஏதாச்சும் சொல்லோணுமேன்னுதான் காது குடுத்துக் கேக்க ஆரம்பிச்சேன். டிக்கு எப்ப வருது, மழை எப்ப நிக்குதுன்னு பிரிச்சது அதுக்கப்புறந்தானுங்க. இப்பவும் தூண்கிட்ட நின்னா மொதல்ல உங்க கேள்விதான் காதுல கேக்கும். அப்புறந்தான் கோழி."

கோகிலவாணியின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அது சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை.

"அப்ப ஆதாரம் போட்டாகணும்," என்றாள் நஸ்ரின், பேனாவை நீட்டி. "யார், எப்படி, எப்ப."

நாகவேணி பேனாவை வாங்கி, நாக்கை நீட்டிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். கோகிலவாணி, தொலைபேசியில், காலை ஆறரை. பதினாலு இடத்திலும் பொறுமையாக எழுதினாள்.

இருபதாம் நாள் கட்டுரை போயிற்று. ஒரு மாதம் கழித்து, பதிவு முடிய ஐந்து நாள் இருக்கையில், ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் வந்தது. ஈஸ்வரமூர்த்தி சார் போன் செய்து வாழ்த்தினார். மூன்றாவது தூணைப் பற்றிய பகுதி பிரமாதம், அதை எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தாய் என்று கேட்டார்.

கட்டுரை வெளியான அன்று புத்தாண்டு இல்லை, கார்த்திகை மாதத்து ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை. காலையில் காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கோகிலவாணி தன் பெயருக்கு எதிரே இருந்த எண்ணைப் பார்த்தாள். ஒன்று என்று இருந்தது. அதைத் தொட்டால், எடுத்தாண்டவர் பெயர் வரும். தொட்டாள். மு. நாகவேணி, மூன்றாம் ஷெட், மோகனூர் என்று வந்தது.

மணி ஆறரை. போன் அடித்தது.

"டாக்டரக்கா, இன்னிக்கு டிக்கு முந்திக்கிச்சுங்க. மழைக் காலம், வர்ற சனிக்கிழமை தோல்முட்டை விழும். எழுதிக்கிறீங்களா?"

கோகிலவாணியின் கை பழக்கத்தில் நோட்டைத் தேடிப் போனது. பிறகு அதை அப்படியே விட்டுவிட்டுக் காபியை எடுத்துக்கொண்டாள்.

"நீயே எழுது நாகவேணி," என்றாள். "நான் கேக்கறேன். நேத்தைக்கும் இன்னிக்கும் என்ன வித்தியாசம்?"